வாணவேடிக்கை இரவுக்குப் புறப்படும் வீட்டாருக்கு

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்துச் சனம் இரவில் வீட்டில் தங்காது. முதலில் கண்டாவளைப் பக்கம் புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குப் பொங்கல். சித்திராப் பௌர்ணமியில் வல்வெட்டித்துறை முத்துமாரி அம்மனின் தீர்த்தம், அன்றிரவு இந்திரவிழா. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல். எங்கள் ஊரான முரசுமோட்டையில் இருந்து பார்த்தால் முதலாவது பக்கத்து ஊர். இரண்டாவது ஆனையிறவு தாண்டி வடமராட்சிக் கரை. மூன்றாவது பரந்தன் – முல்லைத்தீவு வீதியின் மற்ற அந்தம். மூன்றும் வெயில் காலத்தில் வருபவை, மூன்றும் விடிய விடிய நடப்பவை.

திருவிழாவுக்குப் போய் வந்த பெண்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், "சனத்தைத்தான் பார்த்தேன், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்" என்று சொல்பவர்களே கூட. கூடை கட்டியவளும் வானத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டும், கால் ஏலாத கிழவியும் பார்க்க வேண்டும், சத்தத்துக்குப் பயந்தவரும் பார்க்க வேண்டும். பல வருடம் போய் வந்து, பிழை விட்டுத் திருத்திக்கொண்டதில் இருந்து இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன்.

1. நாளை முதலில் உறுதிப்படுத்துங்கள். சித்திராப் பௌர்ணமி சில வருடம் ஏப்ரலில் வரும், சில வருடம் மே மாதத்தில் வெசாக் போயாவோடு சேர்ந்து வரும். இரண்டும் அரச விடுமுறை என்பதால் பஸ் ஓட்டம் வழமைபோல் இராது. வற்றாப்பளைப் பொங்கல் வைகாசிப் பூரணையை அண்டிய திங்கட்கிழமை. திங்கள் இரவு பொங்கி செவ்வாய் விடியும் என்பதை மனதில் வைத்து, செவ்வாய்க்கிழமைக்கு வேலையிலும் பள்ளிக்கூடத்திலும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வயல்காரருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அந்த நேரம் இரணைமடுத் தண்ணீரில் சிறுபோகம் நிற்கும். உங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் முறை எந்த நாள் என்று பார்த்து, விழா இரவில் விழுந்தால் பக்கத்து வயல்காரரோடு முறை மாற்றிக்கொள்ளுங்கள். திருவிழாவில் நிற்கும் மனிதரின் மனம் மடைவாயிலில் நின்றால் அவர் எதையும் பார்க்கப் போவதில்லை.

2. வாகனத்தை நான்கு நாளைக்கு முன்னர் பேசுங்கள். விழா நாட்களில் இ.போ.ச.வும் தனியாரும் விசேட பஸ் விடுவார்கள். போகும்போது இடம் கிடைக்கும், திரும்பும்போதுதான் தொங்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும். மூன்று நான்கு வீடு சேர்ந்து ஒரு ஹையேஸ் வான் பிடிப்பது நல்லது. உழவு இயந்திரப் பெட்டியில் பாய் விரித்துப் போவது எங்கள் ஊரின் பழைய சந்தோசம்தான். ஆனால் பரந்தன் – முல்லைத்தீவு வீதி இப்போது வேகமான வீதி. இரவில் பின்வெளிச்சம் இல்லாத பெட்டி, பின்னால் வருகிறவனுக்குக் கடைசி நிமிடம் வரைக்கும் தெரியாது. பெட்டியில்தான் போவதென்றால் பின்பக்கம் சிவப்பு ஒளிதெறிக்கும் ஸ்ரிக்கர் ஒட்டி, ஒரு சிவப்பு லைற்றும் கட்டுங்கள். மோட்டார் சைக்கிளில் நான்கு பேராகப் போக வேண்டாம். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

3. வெயில் தாழ முன்னரே போய் இடம் பிடியுங்கள். ஜப்பானில் தோக்கியோ நகரத்தின் நடுவே சுமிதா என்று ஒரு ஆறு ஓடுகிறது. ஒவ்வொரு ஜூலை கடைசியிலும் அதன் கரையில் சுமார் 20,000 வாணங்கள் விடுகிறார்கள். 1733இல் தொடங்கியது, முந்திய வருடம் பஞ்சத்திலும் நோயிலும் இறந்தவர்களை நினைத்துத் தொடங்கியது என்று சொல்லப்படுகிறது. வாணத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் ஹனாபி, அதாவது நெருப்புப் பூ. அந்தப் பெருநகரத்துச் சனமும் பின்னேரமே பாயோடு வந்து இடம் பிடித்து, மெல்லிய பருத்தி உடுப்போடு, கையில் விசிறியோடுதான் குந்தியிருக்கிறது. வற்றாப்பளை வெட்டையில் நாங்கள் செய்வதும் அதுதான். ஆகவே ஓலைப்பாயைக் கொண்டு போவதற்கு ஒருவரும் வெட்கப்பட வேண்டாம். பிளாஸ்ரிக் பாயைவிட ஓலைப்பாய் சூடு ஏறாது. கீழே ஒரு உரச்சாக்கைப் பிரித்து விரித்துவிட்டு அதன் மேல் பாயைப் போட்டால் ஈரமும் முள்ளும் ஏறாது. பனையோலை விசிறி ஆளுக்கு ஒன்று. விசிறி வெக்கைக்கும் உதவும், நுளம்புக்கும் உதவும்.

4. எங்கே இருப்பது என்பதில்தான் பாதி விசயம். வாணம் விடுகிற இடத்துக்குக் கிட்டப் போக எல்லோரும் முண்டியடிப்பார்கள். கிட்ட நின்றால் கழுத்து நோகும், புகை கண்ணில் விழும், எரிந்த கடதாசி தலையில் கொட்டும். வானத்தில் விரியும் வாணம் இருநூறு முந்நூறு மீற்றர் தள்ளி இருந்து பார்த்தால்தான் முழுப் பூவாகத் தெரியும். காற்று எங்கிருந்து வருகிறது என்று ஒரு கைப்பிடி மணலை எடுத்துத் தூவிப் பாருங்கள், காற்று வருகிற பக்கத்தில் பாயை விரியுங்கள். வல்வெட்டித்துறையில் சோளகம் தொடங்கியிருந்தால் புகை கடல் பக்கம் போகும், ஊர்ப்பக்கம் இருப்பவர்களுக்குச் சுகம். தொய்வு உள்ளவர்கள் பம்மை வாகனத்தில் விட்டுவிடாமல் மடியில் வைத்திருக்க வேண்டும். பாயில் இருந்து எழும்பினால் எந்த வழியால் வெளியே போகலாம் என்பதை வெளிச்சம் இருக்கும்போதே ஒருமுறை நடந்து பாருங்கள்.

5. கட்டுச்சோறு. எட்டு மணித்தியாலம் தாங்குகிற சாப்பாடுதான் திருவிழாச் சாப்பாடு. வெயில் காலத்தில் தேங்காய் போட்டது எதுவும் தாங்காது. இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போய், இரவு பதினொரு மணிக்குத் திறந்து மணந்து பார்த்து மூடிய கூட்டத்தில் நானும் ஒருத்தி. புளிச்சாதம் கட்டுங்கள். புளியை நல்லெண்ணெயில் எண்ணெய் மிதக்கும் வரைக்கும் காய்ச்சி, சோற்றை உலர்த்தி ஆறவிட்டுப் பிறகு பிரட்டுங்கள். சூட்டோடு பிரட்டி மூடினால் அதுவும் புளித்துப்போகும். வாட்டிய வாழையிலையில் ஆளுக்கு ஒரு பொதியாகக் கட்டினால் அங்கே கோப்பை கழுவுகிற வேலை இல்லை. கரண்டி பிடித்துப் பரிமாறுகிற வேலையும் இல்லை, அம்மாவும் மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடலாம். பயத்தம் உருண்டை, எள்ளுப்பாகு, அவல், பனங்கட்டித் துண்டு ஆகியவை ஒரு ரின்னில் இருக்கட்டும். கோயிலுக்குப் போவதால் மச்சம் இல்லை. சித்திராப் பௌர்ணமியில் தாயை இழந்தவர்கள் விரதம் இருப்பார்கள், சித்திரைக் கஞ்சியும் ஊற்றுவார்கள். விரதகாரருக்குத் தனிப்பொதி கட்டி அடையாளம் வையுங்கள்.

கச்சான் அங்கே வாங்குங்கள். கச்சான் கடையில் நின்று, சூடான மணலில் அது வறுபடுகிற மணத்தில் ஒரு சுண்டு வாங்கிப் பங்கிட்டுத் தின்னாமல் வந்தால் திருவிழாவுக்குப் போனதாகவே கணக்கில்லை. பிள்ளைகளுக்குத் தும்புமிட்டாயும் உண்டு. திறந்து வைத்து வெட்டி விற்கிற பழங்களை மட்டும் தவிருங்கள். தூசியும் இலையானும் போதும் வயிற்றைக் கெடுக்க.

6. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லீற்றர். கொதித்தாறிய தண்ணீரைப் பழைய சோடாப் போத்தல்களில் நிரப்பி முதல் நாளே உறைபெட்டியில் வைத்தால், பின்னேரம் ஐஸ் கட்டியாக எடுத்துக்கொண்டு போகலாம், இரவு முழுக்கக் குளிர்ந்திருக்கும். உறைபெட்டி இல்லாதவர்கள் ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டு போங்கள். தண்ணீர்ப் பந்தலில் மோரும் தேசிக்காய்த் தண்ணீரும் கொடுப்பார்கள், உங்கள் கோப்பையை நீட்டி வாங்குங்கள். இரண்டு பக்கெற் ஜீவனி கைப்பையில் இருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, மட்டமாக அளந்து கரைத்தால் அதுவும் அதே வேலையைச் செய்யும். காவடி எடுப்பவர்கள், பாற்செம்பு எடுப்பவர்கள், அங்கப்பிரதட்டை செய்பவர்கள் வெயிலில் நின்று தலைசுற்றி விழுவது வருடா வருடம் நடக்கிறது. விழுந்தவரைச் சுற்றி நிற்காமல் நிழலுக்குக் கொண்டுபோய், கால்களை உயர்த்தி, நனைத்த துணியால் கழுத்தையும் அக்குளையும் துடையுங்கள். அறிவு தெளியாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

7. மலசலகூடம் பற்றி வெளிப்படையாக எழுதுகிறேன், ஏனென்றால் ஒருவரும் எழுதுவதில்லை. திருவிழாவுக்குப் போகும் பெண்கள் மத்தியானத்தில் இருந்து தண்ணீர் குடிப்பதில்லை. எங்கே போவது என்ற பயம்தான். பிறகு இரண்டு நாள் சலக்கடுப்போடு படுத்திருப்பார்கள். வந்து இறங்கியவுடனே, இருட்ட முன்னர், பெண்களுக்கான இடம் எங்கே என்று விசாரித்து வையுங்கள். ரோச் லைற், ஒரு போத்தல் தண்ணீர், சவர்க்காரத் துண்டு, பழைய பத்திரிகைத்தாள், தேவைப்படுமென்றால் அணையாடை ஆகியவற்றைத் தனியாக ஒரு துணிப்பையில் போட்டு, கேட்காமலே எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். இரண்டு பேராகப் போங்கள். வழியில் உறவுக்காரர் வீடு இருந்தால் கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள், திருவிழா ஊரில் இருப்பவர்கள் அந்த ஒரு நாளுக்குத் தயாராகத்தான் இருப்பார்கள்.

8. பருத்திச் சேலை, பருத்திச் சட்டை. நைலோன் துணியில் ஒரு பொறி விழுந்தால் உருகித் தோலோடு ஒட்டும். சங்கிலி, காப்பு எல்லாவற்றையும் வீட்டில் வையுங்கள். ஒலிபெருக்கியில் பொலிசார் நகைகளைக் கவனிக்கும்படி சொல்லிக்கொண்டிருக்கும்போதே சனத்துக்குள் சங்கிலி அறுபடும். செருப்பைக் கழற்றி வாசலில் விடாமல் சோடியைக் கயிற்றால் கட்டிப் பையில் போடுங்கள்.

9. சின்னப்பிள்ளைகளின் கையில் பேனையால் அப்பாவின் தொலைபேசி இலக்கத்தை எழுதி, அதன் மேல் நிறமில்லாத நகப்பூச்சை ஒரு பூச்சுப் பூசினால் வேர்வையில் அழியாது. பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவனைப் பிள்ளை தெரிந்தவன் என்று நம்பும். காணாமல் போனால் ஓடித் திரியாமல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்றும், பக்கத்தில் பிள்ளை வைத்திருக்கிற ஒரு அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றும் வீட்டிலேயே நடித்துப் பழக்குங்கள். பெரியவர்களுக்கும் ஒரு சந்திப்பிடம் வேண்டும். சனம் கூடினால் போன் வேலை செய்யாது. "பத்து மணிக்குத் தண்ணீர்ப் பந்தலடி" என்று பேசி வைத்தால் போதும்.

10. இனிச் சத்தம். இதை நான் எழுதவே தொடங்கியது இந்தக் குறிப்புக்காகத்தான்.

நாங்கள் முதன்முதல் குடும்பமாக இந்திரவிழாவுக்குப் போனபோது மாமியையும் கூட்டிக்கொண்டு போனோம். வீதி முழுக்க மின்விளக்கு அலங்காரம், கொஞ்சத் தூரத்துக்கு ஒரு மேடை, ஒவ்வொன்றிலும் பாட்டும் கூத்தும். வல்வெட்டித்துறைப் பெடியள் கடதாசியில் ஒட்டிய பெரிய புகைக்குண்டுகளை நெருப்பின் மேல் பிடித்து, சூடான புகை நிரம்பியதும் கையை விடுவார்கள். அது அசைந்து அசைந்து நிலவுக்குப் பக்கத்தில் போய் ஒரு புள்ளியாகும். அதையெல்லாம் மாமி வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு வாணம் தொடங்கியது. நிலத்தில் இருந்து முதல் வாணம் "தும்" என்று கிளம்பி, கூவிக்கொண்டு மேலே போனது. அந்தக் கணத்தில் மாமி பக்கத்தில் நின்ற என் மகளின் பிடரியைப் பிடித்து நிலத்தோடு அமத்தி, தானும் மேலே குப்புற விழுந்து, "படு பிள்ளை, படு, எழும்பாதை" என்று கத்தினா. வானத்தில் பச்சையும் சிவப்புமாகப் பூ விரிந்தது. சுற்றி நின்ற சனம் கை தட்டியது. மாமி தலை நிமிர்த்தவில்லை. அவவின் கை விரல்கள் பாயின் ஓலைக்குள் புதைந்திருந்தன.

2009 தையில் போருக்குள் முரசுமோட்டையை விட்டு வெளிக்கிட்ட சனம், இதே முல்லைத்தீவு வீதியால் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று போய் முள்ளிவாய்க்காலில் நின்றது. அந்த மாதங்களில் செல் குத்துகிற சத்தத்தைக் கேட்டு, அது கூவி வருவதை எண்ணி, விழ முன்னர் பதுங்குகுழிக்குள் பாய்ந்தவர்களின் உடம்பு அதை மறக்கவில்லை. வாணம் கிளம்புகிற "தும்" சத்தம் அதே சத்தம். அதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று சிரிக்கிறவர்கள் எங்கள் வீடுகளிலேயே இருக்கிறார்கள், பின்னர் பிறந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். சிரிக்க விடாதீர்கள்.

அடுத்த வருடம் வர மாட்டேன் என்று மாமி சொன்னா. வற்புறுத்தவில்லை. அதற்கு அடுத்த வருடம் தானாகக் கேட்டா, நாங்கள் சிலதைச் செய்தோம். முன்னரே சொன்னோம்: இத்தனை மணிக்குத் தொடங்கும், இவ்வளவு நேரம் நடக்கும், விடுகிறவர்கள் இன்னார், அந்தத் திசையில் இருந்து வரும் என்று. எதிர்பாராமல் வருவதுதான் நெஞ்சைப் பிடிக்கும். இரண்டாவது, நன்றாகத் தள்ளி, வானைத் திருப்பி நிற்பாட்டி, விரும்பிய நேரம் உள்ளே போய்க் கதவைச் சாத்தலாம் என்று காட்டினோம். மூன்றாவது, என் மகள் கண்டுபிடித்தது. "அப்பம்மா, 'தும்' எண்டு கேட்டவுடனே மேலே பாருங்கோ, பூ வரும். பூ வந்தாப் பிறகு ஒண்டு, ரெண்டு எண்டு எண்ணுங்கோ, வெடி கேக்கும்" என்று அவவின் கையைப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தாள். ஒலி ஒரு செக்கனில் ஏறக்குறைய 340 மீற்றர் போகும். வெளிச்சம் தெரிந்து மூன்று செக்கன் கழித்துச் சத்தம் கேட்டால் வாணம் ஒரு கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த அந்தக் கணக்கு, மாமிக்குத் தூரத்தை நிரூபித்தது. முதல் பத்து வாணம் வரைக்கும் கை நடுங்கியது. பிறகு மஞ்சள் நிறத்தில் தென்னோலைபோலத் தொங்கிய ஒன்றைப் பார்த்து, "இது வடிவாயிருக்கு" என்றா.

எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று நான் சொல்ல மாட்டேன். வர விரும்பாதவரை வீட்டில் தனியே விடாமல் ஒருவர் கூட இருங்கள். மூச்சு வாங்கினாலோ, இரவில் நித்திரை இல்லாமல் பல நாள் தொடர்ந்தாலோ ஆஸ்பத்திரியில் உளநலப் பிரிவில் காட்டுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஜப்பானில் நாகஓக்கா என்று இன்னொரு நகரம் இருக்கிறது. 1945 ஆகஸ்ட் 1ஆம் திகதி இரவு 10.30 மணிக்கு அமெரிக்க விமானங்கள் அதன் மீது குண்டு பொழியத் தொடங்கின. 1,480 பேருக்கு மேல் இறந்தார்கள். இன்றும் ஒவ்வொரு வருடமும் அதே திகதியில், அதே 10.30க்கு, வெள்ளை நிறத்தில் மட்டும் சில வாணங்களை அந்த நகரத்து ஆற்றங்கரையில் விடுகிறார்கள். வெண்செவ்வந்தி என்று அவற்றுக்குப் பெயர். அதற்கு அடுத்த இரண்டு இரவுகளில்தான் பெருவிழா. வானத்தில் இருந்து நெருப்பு விழுந்த ஊர், அதே வானத்தில் இறந்தவர்களுக்குப் பூப் போடுகிறது. இதைப் பற்றி வாசித்த நாளில் எனக்கு முள்ளிவாய்க்கால் கரைதான் நினைவுக்கு வந்தது.

11. கையில் பிடிக்கிற மத்தாப்பு விளையாட்டுச் சாமான் இல்லை. அதன் நுனிச் சூடு ஆயிரம் பாகை வரைக்கும் போகும், கொதிக்கிற தண்ணீரைப்போலப் பத்து மடங்கு. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம். பெரிய பிள்ளை கையை நீட்டிப் பிடிக்கட்டும், எரிந்து முடிந்த கம்பியை நிலத்தில் போடாமல் மணல் வாளிக்குள் குத்தட்டும். இருட்டில் வெறுங்காலோடு அதன் மேல் மிதிப்பதுதான் அடிக்கடி நடக்கிற விபத்து. சீனவெடியைப் போத்தலுக்குள்ளும் ரின்னுக்குள்ளும் வைத்துக் கொளுத்த விடாதீர்கள். வெடிக்காமல் கிடப்பதை மறுபடி கொளுத்தவோ கையில் எடுக்கவோ கூடாது, தண்ணீர் ஊற்றிவிட்டு விலகுங்கள். மறுநாள் காலையில் வெட்டையில் கிடக்கும் வாணக் குழாய்களைப் பொறுக்கப் பிள்ளைகள் ஓடுவார்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருப்பது இதுதான்: தெரியாத பொருளைத் தொடாதே, பெரியவரிடம் சொல். போர் நடந்த வன்னி மண்ணில் அந்தப் பாடத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது.

12. நெருப்புச் சுட்டால் ஓடுகிற தண்ணீரை 20 நிமிடம் ஊற்றுங்கள். குழாய் இல்லாவிட்டால் போத்தல் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக்கொண்டே இருங்கள். மோதிரம், காப்பு, அரைஞாண் உடனே கழற்றுங்கள், பிறகு வீங்கும். பற்பசை, நெய், மை, கோதுமைமா ஒன்றும் பூச வேண்டாம். ஐஸ்பழத்தை எடுத்து வைக்கவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான ஈரத்துணியால் மூடுங்கள். கண்ணில் பொறி பட்டால் கசக்கக் கூடாது. ஒரு கடதாசிக் கோப்பையைக் கவிழ்த்துக் கண்ணில் முட்டாமல் பிடித்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

13. வீட்டைப் பூட்ட முன்னர்: காஸ் சிலிண்டரின் றெகுலேற்றர், சாமி விளக்கு, அடுப்புத் தணல் மூன்றையும் பாருங்கள். மாடுகளுக்கு வழமையைவிட இரண்டு வாளி தண்ணீர் கூட வையுங்கள். ஊர்க்கோயிலில் வெடி கொளுத்துகிற இரவென்றால் கன்றுக்காரப் பசுவைப் பட்டியில் நெருக்கமாகக் கட்டாமல் கொஞ்சம் நீளக் கயிற்றில் கட்டுங்கள், வெருண்டு இழுத்தால் கழுத்து இறுகும். நாயைக் கட்டிவிட்டுப் போகாதீர்கள், ஒரு அறைக்குள் சாக்குப் போட்டு விடுங்கள். முன்வாசல் லைற் எரியட்டும். பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

14. வற்றாப்பளையில் எதைப் பார்ப்பது? வானத்தை அல்ல, ஒரு விளக்கை. பொங்கலுக்கு ஒரு கிழமைக்கு முன்னர் சிலாவத்தைக் கடற்கரையில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் அந்த உப்புத் தண்ணீரில் விளக்கேற்றுவார்கள். ஞாயிறு அங்கே பொங்கல், திங்கட்கிழமை மடைப்பண்டம் வற்றாப்பளைக்கு வரும். மதுரையை எரித்த கோபம் தணியாமல் வந்த கண்ணகை, நந்திக்கடல் ஓரம் மாடு மேய்த்த சிறுவர்களிடம் கிழவியாக வந்து, எண்ணெய் இல்லாத விளக்கில் கடல்நீரை ஊற்றி ஏற்றச் சொன்னா என்பது எங்கள் ஊர்களின் நம்பிக்கை. எங்கள் பெருந்திரளின் நடுவில் இருப்பது அந்தச் சின்னச் சுடர்தான். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகிற அடியார்களும் இந்தப் பொங்கலுக்கு அங்கே வந்து சேருவார்கள். அவர்களின் பாதங்களைப் பாருங்கள், ஒரு போத்தல் தண்ணீர் கொடுங்கள்.

நடைமுறைக்கு ஒரு குறிப்பு: விளக்கைப் பார்க்கச் சனம் முண்டியடிக்கிற நேரத்தில் முதியவர்களைக் கொண்டு போகாதீர்கள். திங்கள் காலையிலோ, பொங்கல் முடிந்து செவ்வாய் விடியும்போதோ போனால் வெட்டை வெளித்துப்போயிருக்கும். வளந்துப் பானை ஏற்றும் நேரத்தைப் பாயில் இருந்தே பறையின் அடியில் அறியலாம்.

15. போனில் எடுக்கிறவர்களுக்கு: பிளாஷை நிற்பாட்டுங்கள், வாணத்துக்கு அது எட்டாது, பக்கத்தில் இருப்பவரின் கண்ணைத்தான் கூச வைக்கும். போனை ஒரு கம்பத்தில் சாத்திப் பிடித்து இரண்டு நிமிடம் எடுத்தால் போதும். மிச்சத்தைக் கண்ணால் பாருங்கள்.

16. திரும்பி வருவதற்கு அவசரப்படாதீர்கள். கடைசி வாணம் விழுந்தவுடன் எல்லோரும் ஒன்றாக எழும்புவார்கள். அரை மணித்தியாலம் பாயிலேயே இருந்து மிச்சச் சோற்றைச் சாப்பிடுங்கள். வட்டுவாகல் பாலம் ஒடுக்கமானது, பொங்கல் முடிந்த கையோடு போனால் அங்கே வரிசையில்தான் நிற்க வேண்டும். ஓட்டுநர் இரவு முழுக்க விழித்திருந்தால் இரண்டு மணித்தியாலம் படுக்கவிட்டு, நிலம் வெளுத்த பிறகு வெளிக்கிடுங்கள். எங்கள் வீதிகளில் கட்டாக்காலி மாடுகள் இரவில் தார்ச்சூட்டுக்குப் படுத்துக் கிடக்கும், கறுப்பு மாடு வெளிச்சத்தில் தெரியாது. ஒட்டுசுட்டான், மாங்குளம் வழியாகப் போகிறவர்களுக்கு யானையும் வரும். யானையைக் கண்டால் ஹோர்ண் அடிக்காமல், தூரத்திலேயே நிற்பாட்டிப் பின்வாங்குங்கள்.

17. குப்பையை நடுவில் குவித்து, விரித்த பாயின் நான்கு மூலையையும் தூக்கிக் கட்டினால் ஒரு பொட்டலமாக வந்துவிடும். வாழையிலையை மாட்டுக்குப் போடலாம். பிளாஸ்ரிக் போத்தலை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள், நந்திக்கடல் கரையில் விட வேண்டாம்.

18. கடைசியாக, கோயில்களின் நிர்வாகத்தினருக்கும் விழாக்குழு இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாணம் விடத் தொடங்க பத்து நிமிடத்துக்கு முன்னரும், தொடங்கும்போதும் ஒலிபெருக்கியில் அறிவியுங்கள். முதலில் சத்தம் குறைந்த, வெளிச்சம் கூடிய வாணங்களை விடுங்கள், பெரிய வெடிகளைப் பிறகு விடலாம். ஒரு பக்கத்தில், தள்ளி, முதியவர்களுக்கும் பயந்தவர்களுக்கும் என்று ஒரு பந்தல் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். பத்துக் கதிரை, ஒரு குடம் தண்ணீர் போதும். மாமிக்கு இப்போது 78 வயது. வருகிற சித்திராப் பௌர்ணமிக்கும் வருவேன் என்று சொல்லியிருக்கிறா.